எடை குறைக்கும் மாத்திரைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைன்ல வாங்கின மூலிகை கேப்ஸ்யூல் சாப்பிடுறேன். எடை வேகமா குறையுது. ஆனா வாய் வறண்டே கிடக்கு, தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. போகப்போக சரியாகிடுமா?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். மூலிகை என்று விற்பதைச் சாப்பிட்டு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிபூட்ரமின். பசியை அடக்க மூளையில் நாரட்ரினலின், செரடோனின் என்ற ரசாயனங்களைக் கூட்டிவைக்கும் மருந்து இது. அந்த நாரட்ரினலினே நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றிவிடும். இதயநோயோ சர்க்கரையோ உள்ள சுமார் 10,000 பேரிடம் நடந்த ஸ்கவுட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும் வந்தன. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. 2011-இல் இந்தியாவும் தடை செய்தது. அதன் பிறகும் மூலிகை கேப்ஸ்யூல்களுக்குள் ஒளிந்து வருகிறது, லேபிளில் பெயர் இருக்காது. ஃபீனால்ஃப்தலீன் என்ற பழைய பேதி மருந்தும் சிலவற்றில் சிக்கியிருக்கிறது. அது குறைப்பது கொழுப்பை அல்ல, உடம்பின் நீரையும் பொட்டாசியத்தையும்.

டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். பிரஷர், நாடி, இசிஜி பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவரானால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் செரடோனின் அளவுமீறி நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். நெஞ்சுவலி வந்தாலோ ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: எடை குறைய டாக்டர் ஆர்லிஸ்டாட் 120 மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. துணியில எண்ணெய்க் கறை படுது. தைராய்டு மாத்திரையும் போடுறேன்.

பதில்: கறை மருந்தின் வேலையால் வருவது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸை அது தடுப்பதால், சாப்பிட்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் அப்படியே வெளியேறும். பூரி, பிரியாணி சாப்பிட்ட நாளில் அதிகம் படும். சாப்பாட்டோடு அல்லது 1 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு வேளை சாப்பிடாவிட்டாலோ சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டாலோ அந்த வேளை மாத்திரை வேண்டாம்.

தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைராக்சின் சரியாக ஏறாது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் கொழுப்போடு வெளியேறிவிடும். அதனால் மல்டிவைட்டமினை ராத்திரி படுக்கும்போது போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு கே வைட்டமின் குறைந்தால் ரத்தம் அளவுக்கு மேல் இளகிவிடும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்காமல் தொடரக் கூடாது. கிட்னியில் ஆக்சலேட் கல் வந்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குடம்புளி மீன் குழம்புல போடுறதுதானே? கார்சீனியா மாத்திரைக்கு ஏன் பயப்படணும்?

பதில்: குழம்பில் விழுவது ரெண்டு மூணு சுளை, அதுவும் குடும்பத்துக்கே. மாத்திரையில் இருப்பது பழத்தோலிலிருந்து செறிவாக்கிய ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், தினமும் வெறும் வயிற்றில். ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தவர்கள் உண்டு. எடையோ பெரிதாகக் குறைவதில்லை. க்ரீன் டீ மாத்திரையும் இதே ரகம். அதிலுள்ள இஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மி.கி. தொட்டால், ஈரல் பாதிப்பைக் காட்டும் ஈரல் என்சைம்கள் ரத்தத்தில் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் சொன்னது. கோப்பையில் குடிக்கும் டீயைப் பற்றி அல்ல இது.

கேள்வி: தைராய்டு நார்மல்தான். தங்கச்சியோட தைராக்சின் போட்டா இளைக்கலாமா?

பதில்: கூடாது. இளைக்கிற அளவுக்குப் போட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், தசையும் கரையும்.

கேள்வி: ஜிம்ல மஞ்சள் நிற கேப்ஸ்யூல் தர்றாங்க. டிஎன்பியாம். வேர்வை நிறைய வருமாம்.

பதில்: தொடாதீர்கள். செல்கள் உணவிலிருந்து எடுக்கும் சக்தி உடம்புக்குப் பயன்படாமல் வெறும் சூடாக வெளியேறும்படி செய்வது டைநைட்ரோஃபீனால். வேர்வை அந்தச் சூட்டின் அடையாளம். சூடு கட்டுமீறினால் காய்ச்சல் மாத்திரைக்கு அடங்காது, முறிமருந்தும் கிடையாது. அமெரிக்காவில் 1930-களில் இளைக்க விற்று, கண்புரையும் சாவும் பார்த்து 1938-இல் நிறுத்தினார்கள். ஏற்கெனவே விழுங்கியவர் வேர்த்து மூச்சிரைத்தால், ஈரத்துணி போட்டுக் குளிர்வித்தபடியே ஐசியு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாத்திரையின் பெயரை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.