பெரிய கோயிலைப் பார்த்தாயிற்று, தஞ்சாவூரில் இன்னும் என்ன இருக்கிறது?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் கோவையிலிருந்து இரண்டு நாள் தஞ்சாவூர் வருகிறோம். பெரிய கோயில், அரண்மனை இரண்டையும் முன்பே பார்த்துவிட்டோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் வீணை கற்கிறாள். மாமனாரால் அதிகம் நடக்க முடியாது. வழக்கமான சுற்றுலாப் பட்டியல் இல்லாமல் வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில், கும்பகோணத்துக் கோயில்களையும் இந்த இரண்டு நாளுக்குள் திணிக்காதீர்கள். உங்கள் மாமனார் காரை விட்டு இறங்கி ஏறியே களைத்துவிடுவார். நான் இரண்டு காரியம்தான் சொல்வேன்: எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள், கைவேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள்.

படிப்பதற்கு மறுபடியும் பெரிய கோயிலுக்கே போக வேண்டும், ஆனால் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க அல்ல. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரிவரியாக எழுத்து ஓடுகிறதே, அதற்காக. காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். தரை சுடாது, சாய்ந்து விழும் வெயிலில் ஆழமில்லாத எழுத்தும் எடுப்பாகத் தெரியும். மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தெரிந்த எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். ட, ப, ய போன்றவை இன்றைய வடிவத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். பெரும்பாலும் புள்ளி இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்புவாள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கம், வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். அது கண்ணில் பட்டால் அங்கே ஒரு கல்வெட்டு தொடங்குகிறது என்று அர்த்தம்.

கிளம்புவதற்கு முன் தொல்லியல் துறை வெளியிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. ஹுல்ட்ஷ் பதிப்பித்த தொகுதி அது, இந்தக் கோயிலின் கல்வெட்டுகள் அதில் அச்சாகியிருக்கின்றன. தான் கொடுத்தவை, ‘அக்கன்’ குந்தவை கொடுத்தவை, ‘நம் பெண்டுகள்’ கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். வெட்டியவர்களும் ஒன்றை விடவில்லை. நகையின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை இருக்கிறது. முத்துகளில் எது சப்பத்தி, எது கறடு, எது இரட்டை என்றுகூடப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இந்தக் காலத்து நகைக்கடை ரசீதில்கூட இவ்வளவு விவரம் இருக்காது.

எனக்குப் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 ஆடல் பெண்களுக்கும் வீடு ஒதுக்கி, எந்தத் தளிச்சேரி (கோயிலைச் சேர்ந்த குடியிருப்பு), எந்தச் சிறகு (தெருவின் வரிசை), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெருவை வீடு வீடாகப் படிக்கலாம். வடமொழியும் ஆங்கிலமும் படித்த வழிகாட்டிகளைவிடத் தமிழ் தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இந்த இடத்தில் வசதி அதிகம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாவோ சாக்பீஸோ தடவ வேண்டாம். மாமனார் பிராகாரத்தைச் சுற்றி ஓடும் மண்டபமான திருச்சுற்று மாளிகை நிழலில் உட்காரட்டும். அதன் தென்மேற்குச் சுவர்களில் மராத்தியக் கல்வெட்டு இருக்கிறது. போன்ஸ்லே வம்ச வரலாற்றைத் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-இல் வெட்டுவித்தது.

வெளியே வந்தால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம். திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்ஸை சரபோஜி வந்து பார்க்கும் காட்சியை இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் சலவைக்கல்லில் செதுக்கியிருக்கிறார். பெரிய கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

மதியத்துக்கு மேல் வீணை. செய்யும் பட்டறை எங்கே என்று ஊரில் இருக்கும் வாத்தியக் கடையிலேயே கேளுங்கள், காட்டிவிடுவார்கள். பலா மரத்தைக் குடைந்து குடம் எடுப்பதைப் பார்ப்பது ஒரு பக்கம். மகள் கவனிக்க வேண்டியது, தந்தியை விரலால் அழுத்தும் இடங்களான 24 மெட்டுகளை மெழுகில் பதிக்கும் வேலையை. ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துவார்கள். வகுப்பில் தன் விரல் விழுகிற இடம் எப்படி முடிவாகிறது என்று அவளுக்கு அங்கே புரியும். ஒரே மரத்தில் செய்த ஏகாந்த வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாளை, உலோகச் சிலை வார்க்கும் ஊரான சுவாமிமலைக்குக் கொடுங்கள். காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஓர் அச்சில் ஒரு சிலைதான், மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அளவு பார்க்கத் தென்னை ஓலையை மடித்து வைத்திருப்பார்கள், தவறாமல் கேட்டுப் பாருங்கள். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. முதல் நாளே போன் செய்து, எந்தப் பட்டறையில் என்று ஊற்றுகிறார்கள் என விசாரியுங்கள். அன்று இல்லையென்றாலும் மெழுகு வேலையும் அரம் போடும் வேலையும் இருக்கும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காட்சிக்கூடத்தில் எதுவும் வாங்கியே ஆக வேண்டும் என்று சங்கடப்பட வேண்டாம்.

திரும்பும்போது நேரம் மிச்சமிருந்தால் திருவையாற்றில் இறங்கி, தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். காவிரிக் கரை, மாமனாருக்கும் நடை குறைவு. பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வாவை அங்கேயே சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள். தஞ்சாவூர்க் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் நாயக்கர் காலத்துப் பீரங்கியும் நல்ல காட்சிதான். அதை வார்க்கவில்லை, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்தே இணைத்திருக்கிறார்கள். ஆனால் மேடேற வேண்டும், அதனால் மாமனாரைக் காரிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

பயணத்தை ஜனவரிக்குத் தள்ள முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாற்றில் நடக்கும் ஆராதனையில் பஞ்சரத்தின கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவதை மகள் கேட்க வேண்டும் என்றால் தள்ளலாம். அந்த வாரம் தஞ்சாவூரில் அறை கிடைப்பது சிரமம், முன்பதிவை இப்போதே பாருங்கள்.