நாலு நாள், மூணு புக்கு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் மும்பை தாராவியில இருக்கேன், பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் கடைசி வருஷம். ஏழாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான். காலேஜ் சிஎஸ்டி (இப்ப சிஎஸ்எம்டி) ஸ்டேஷன் பக்கம், சயான்லேர்ந்து ஸ்லோ ட்ரெயின்ல போயிட்டு வர்றேன். வர்ற செவ்வாய்க்கிழமை பேப்பர், இன்னைக்கு வெள்ளி. ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகம், ஜேன் ஆஸ்டினோட ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் நாவல், கவிஞர் கீட்ஸோட மூணு ஓட் (ஒண்ண விளிச்சுப் பாடுற கவிதை). மூணு மணி நேரம், நாலு கேள்வி, புக்கு உள்ள கொண்டுபோக முடியாது. எல்லாத்தையும் ஒருதடவ படிச்சிருக்கேன், ஆனா இப்ப எதுவும் ஞாபகத்துல நிக்கல. கைடுல இருக்குற எஸ்ஸேய மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சேன், ரெண்டாவது படிக்கிறப்ப மொதலாவது மறந்துபோகுது. கூடப் படிக்கிற பிள்ளைங்க வரிவரியா கோட் (மேற்கோள்) சொல்றாங்க. ஏற்கெனவே ஒரு ஏடிகேடி (ஃபெயிலாகி மறுபடி எழுத வேண்டிய பேப்பர்) இருக்கு, இன்னொண்ணு விழுந்தா அப்பா படிப்ப நிறுத்திருவாரு. ராத்திரி முழிச்சுப் படிக்கலாம்னா வீட்ல ஒரே ரூம், தம்பி டிவி. எனக்கு யோசனையெல்லாம் தமிழ்லதான் வருது, அது வேற பயமா இருக்கு. என்ன செய்யலாம்?

எஸ்., தாராவி

அன்புள்ள எஸ்.,

மொத வேலையா அந்த கைடை எடுத்து பரண்ல போடு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எறக்கிக்கலாம். கைடுல 'மேக்பெத் ஒரு ட்ராஜிக் ஹீரோ'ன்னு எஸ்ஸே இருக்கும், பேப்பர்ல 'மேக்பெத்தோட அழிவுக்கு சூனியக்காரிங்க எவ்வளவு தூரம் காரணம்'னு கேட்டிருப்பாங்க, நீ கேள்வியப் பாக்காம மனப்பாடத்த அப்படியே எறக்கி வைப்ப, திருத்துறவங்களுக்கு மொத பாராவுலயே தெரிஞ்சிரும் ஏன்னா அதே கைடு எஸ்ஸேய அந்தக் கட்டுல இன்னும் முப்பது பேரு எழுதியிருப்பாங்க.

அப்ப புக்க திரும்பப் படிக்கவான்னு கேப்ப. அதுவும் வேண்டாம், அதாவது அதையே முக்கியமான வேலையா வச்சுக்காத. புக்க மூடி வச்சுட்டு உன்னால எத எழுத முடியுதோ அதுதான் ஹால்ல வரும், அதனால இந்த நாலு நாளும் மூடி வச்சுட்டு எழுதுறதுதான் உன் வேலை. இது நானா சொல்றது இல்ல. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேரு காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2006ல வெளிவந்துச்சு. ஒரு பகுதிய ஒரு குரூப்பு ரெண்டு தடவ படிச்சுது, இன்னொரு குரூப்பு ஒருதடவ படிச்சுட்டு பாக்காம எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவ படிச்சவங்கதான் மேல, 81 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 75. ஆனா ரெண்டு நாள் கழிச்சு வச்சப்ப தலைகீழ், படிச்சவங்க 54, எழுதிப் பாத்தவங்க 68. உன் பரீட்சை அஞ்சு நிமிஷத்துல இல்ல பாத்துக்கோ. திரும்பத் திரும்பப் படிக்கிறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு சுகம் வரும், அந்த சுகத்த நம்பாத.

செய்யிற விதம் இதுதான். வெள்ளப் பேப்பர் ஒண்ணு எடு, மேல மேக்பெத்னு எழுது, இருபது நிமிஷம் ஞாபகத்துல இருக்குறதெல்லாம் கொட்டு, யாரு யாரக் கொன்னா, எது மொதல்ல எது அப்புறம், எந்த வரி மனசுல நிக்குது, தமிழ்லயே எழுதினாலும் சரி. மொத தடவ அரைப் பக்கம்கூட வராது, அழுகை வரும், வரட்டும். அப்புறம் புக்கத் தெறந்து எதெல்லாம் விட்டிருக்கன்னு சிவப்புப் பேனாவுல எழுது. அந்த சிவப்பு மட்டும்தான் உனக்கு மிச்சம் இருக்குற சிலபஸ். நாளைக்கு மறுபடியும் புதுப் பேப்பர்.

கோட் விஷயத்துக்கு வர்றேன், அந்தப் பிள்ளைங்கள விடு. நீளமா பத்து வரி ஒப்பிக்கிறதுக்கு மார்க் கெடையாது. நாலஞ்சு வார்த்தை போதும், அத உன் வாக்கியத்துக்குள்ள வச்சு எதுக்கு வச்சன்னு அடுத்த வரியில சொல்லணும். ஒரு வரி மூணு நாலு கேள்விக்கு ஒதவுற மாதிரி பாத்து எடுக்கணும், அதுலதான் சூட்சுமம் இருக்கு.

மேக்பெத்ல கையக் கழுவுற விஷயத்த எடுத்துக்கோ. ரெண்டாவது ஆக்ட் ரெண்டாவது சீன், மேக்பெத் டங்கன் ராஜாவ கொன்னுட்டு வந்து நிக்கிறான், கையெல்லாம் ரத்தம், கடல் தெய்வம் நெப்டியூனோட சமுத்திரம் மொத்தமும் சேர்ந்தாலும் இது போகுமா, இந்தக் கை பட்டா பச்சக் கடல்தான் செவந்துபோகும்னு பொலம்புறான். கத்திய திரும்ப வச்சுட்டு அதே ரத்தக் கையோட வர்ற அவன் பொண்டாட்டி லேடி மேக்பெத் சொல்றா, 'எ லிட்டில் வாட்டர் க்ளியர்ஸ் அஸ் ஆஃப் திஸ் டீட்'. கொஞ்சம் தண்ணி ஊத்தினா போச்சு. (தமிழ் எழுத்துல போடுறேன், ஸ்பெல்லிங் புக்குல பாத்துக்கோ.) அஞ்சாவது ஆக்ட் மொத சீன்ல அதே பொம்பள தூக்கத்துல நடந்துகிட்டு கையத் தேய் தேய்னு தேய்க்கிறா, டாக்டரும் வேலக்காரம்மாவும் ஒளிஞ்சு நின்னு பாக்குறாங்க, அரேபியாவுல இருக்குற அத்தன வாசனத் தைலமும் 'திஸ் லிட்டில் ஹேண்ட்' ஒண்ண மணக்க வைக்காதுங்கிறா. அங்க லிட்டில் வாட்டர், இங்க லிட்டில் ஹேண்ட். மூணே எடம்தான், ஆனா குற்ற உணர்ச்சி கேட்டாலும் இத எழுதலாம், லேடி மேக்பெத் கேரக்டர் கேட்டாலும் எழுதலாம், ரத்தம் தண்ணி இமேஜரி கேட்டாலும், ஐரனி கேட்டாலும். புருஷன் பொண்டாட்டி உறவு கேட்டா இன்னொண்ணு சேத்துக்கோ: மூணாவது ஆக்ட்ல, மேக்பெத் ஆள் வச்சுக் கொன்ன கூட்டாளி பாங்கோவோட ஆவி வர்ற விருந்து முடிஞ்சதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சீன்லகூட வர்றதில்ல. கொலையில ஜோடி சேந்தவங்க அதுக்கப்புறம் தனித்தனியா சாகுறாங்க.

இது ஒதவாத கேள்வி சூனியக்காரிங்க கேள்விதான். அதுக்கு, அவங்க மொத சீன்லயே 'ஃபேர் இஸ் ஃபவுல்'னு (நல்லதே கெட்டதுன்னு) பாடிட்டுப் போறாங்க, மேக்பெத் மேடைக்கு வந்து பேசுற மொத வரியே 'ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே'. அவங்களப் பாக்குறதுக்கு முன்னாடியே அவங்க பாஷை அவன் வாயில இருக்கு. சூனியக்காரிங்க காரணமா அவன் மனசுதான் காரணமாங்கிற கேள்விக்கு இத வச்சே ஒரு பக்கம் எழுதலாம்.

வரலாறுன்னு பாத்தா, ஜேம்ஸ் ராஜா 1603ல இங்கிலாந்து பட்டத்துக்கு வந்தது, அவரையும் பார்லிமென்ட்டையும் தகர்க்கப் பாத்த 1605 வெடிமருந்து சதி, அடுத்த வருஷவாக்குல நாடகம், ராஜாவுக்கு சூனியத்து மேல பயம், அவரே அதப்பத்தி புக்கு எழுதினாரு, இதெல்லாம் ரெண்டு வரி. அதுக்கு மேல போகாத. நெஜமான மேக்பெத் 1040லேர்ந்து 1057 வரைக்கும் பதினேழு வருஷம் ஸ்காட்லாந்த ஆண்டாரு, டங்கனும் தூக்கத்துல சாகல, சண்டையிலதான் செத்தாரு. கேக்க நல்லாருக்கு, பேப்பர்ல எழுதினா நேரம் தண்டம்.

ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்ல 61 சாப்டர், மறுபடி உக்காந்து படிக்க முடியாது. 19, 22, 34லேர்ந்து 36, 43, 56 மட்டும் திரும்பப் பாரு. காலின்ஸ் வந்து கதாநாயகி எலிசபெத்த பொண்ணு கேக்குறது, அவ தோழி ஷார்லட் அவனுக்கு சரின்னு சொல்றது, பணக்கார டார்சி மொத தடவ எலிசபெத்த கேக்குறது, அவன் லெட்டர், எலிசபெத் அதப் படிச்சுட்டு 'டில் திஸ் மொமென்ட் ஐ நெவர் நியூ மைசெல்ஃப்'னு ஒடஞ்சுபோறது, டார்சியோட பங்களா பெம்பர்லிக்கு அவ போறது, கடைசியில டார்சியோட அம்மாகூடப் பொறந்த லேடி கேத்தரின் வந்து மிரட்டுறது. காலின்ஸும் டார்சியும் ஆகாசத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம், ஆனா கேக்குறப்ப ரெண்டு பேருக்கும் மனசுல ஒரே நெனப்பு, இவ மாட்டேன்னு சொல்லவே மாட்டான்னு. இந்த ஒப்பீட்ட எழுதிப் பழகிக்கோ, கல்யாணம், கர்வம், வர்க்கம், எதக் கேட்டாலும் கை கொடுக்கும்.

என்டெயில்னு ஒரு சமாச்சாரம் வருதுல்ல, க்ளாஸ்ல பாதிப் பேரு அத சட்டப் பாடமா நெனச்சு தாண்டிப் போயிருவாங்க. உனக்கு அது வெளக்கம் தேவையில்லாத விஷயம். அஞ்சும் பொட்டப்பிள்ளைங்க, பையன் இல்ல, அப்பா கண்ண மூடினா வீடு வாச எல்லாம் ஒரு ஒண்ணுவிட்ட சொந்தக்காரனுக்குப் போயிரும், அம்மாக்காரி ஏன் மாப்ள மாப்ளன்னு கெடந்து அடிச்சுக்கிறாங்கிறது இதுல இருந்துதான் வருது. நம்ம பக்கமே பூர்வீகச் சொத்துல மகளுக்கு சமபங்குன்னு சட்டம் வந்தது தமிழ்நாட்டுல 1989ல, மகாராஷ்டிராவுல 1994ல, நாடு முழுக்க 2005ல. அந்த அம்மாவ பைத்தியக்காரின்னு மட்டும் எழுதாம, அவ பயத்துல நியாயம் இருக்கு, அத வெளிப்படுத்துற விதம்தான் கேலிக்கூத்துன்னு எழுதிப் பாரு, கைடுக்காரங்க நடுவுல நீ தனியா தெரிவ.

கீட்ஸுக்கு உன் ஸ்லோ ட்ரெயின் போதும். நைட்டிங்கேல் பறவையப்பத்தின ஓட்ல எட்டு ஸ்டான்சா, சயான் விட்டா சிஎஸ்டிக்கு முன்னாடி எட்டு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டான்சான்னு வச்சுக்கோ. மாட்டுங்கா, நெஞ்சு வலிக்குது, மயக்கமா இருக்கு. தாதர், ஒரு வாய் ஒயின் கெடச்சா நல்லாருக்கும். பரேல், மூணாவது ஸ்டான்சா, நோவும் சாவும், வாலிபப் பிள்ளைங்க வெளுத்து மெலிஞ்சு சாகுற எடம், கேஈஎம்மும் டாட்டா ஆஸ்பத்திரியும் இருக்குற ஊர்ல அது தானா வந்து உக்காந்துக்கும், அதுக்கு முந்தின டிசம்பர்லதான் கீட்ஸோட தம்பி டாம் டிபில செத்தான், 1818. கரி ரோடு, ஒயின் வேண்டாம், கவிதையோட றெக்கையிலயே வர்றேன். சிஞ்ச்போக்லி, இருட்டுல கால்கிட்ட என்ன பூவுன்னு தெரியல, வாசனைய வச்சுதான் கண்டுபிடிக்கணும் (பூ மார்க்கெட் இருக்குற தாதர்ல இது வந்திருக்கலாம், என்ன பண்றது). பைகுலா, 'ஹாஃப் இன் லவ் வித் ஈஸ்ஃபுல் டெத்', இப்பவே செத்துட்டா என்னன்னு தோணுது. சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பறவைக்கு சாவு இல்ல, அந்தக் காலத்து ராஜாவும் கோமாளியும் கேட்ட அதே பாட்டு, அந்நிய வயல்ல நின்னு அழுத பைபிள் ரூத்தும் கேட்டுருப்பா. மஸ்ஜித், 'ஃபர்லார்ன்' (கைவிடப்பட்ட)ங்கிற வார்த்தை மணி மாதிரி அடிச்சு அவன எழுப்பி விட்டுருது, முழிச்சிருக்கேனா தூங்குறேனா. சிஎஸ்டி வந்தா எறங்கு. திரும்பி வர்றப்ப பின்னாலேர்ந்து சொல்லு. லேடீஸ் டப்பாவுல வாய்விட்டு முணுமுணுத்தா பக்கத்துல இருக்குறவங்க ஸ்லோகம் சொல்றன்னு நெனச்சுப்பாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

மத்த ரெண்டும் சின்னது. க்ரீஷன் அர்ன் (கிரேக்க ஜாடி) அஞ்சு ஸ்டான்சா, ஆட்டம் (இலையுதிர் காலம்) மூணு. பறவை பாடி மறைஞ்சுபோகுது, ஜாடி சத்தமே போடாம அப்படியே நிக்குது, ஆட்டம்ல போறதப்பத்தி புலம்பலே இல்லாம கடைசியில குருவிங்க கூடிக் கத்துது. மூணும் 1819ல எழுதினது, மூணுக்கும் ஒரே கேள்வி, எல்லாம் போயிருமே அத வச்சுகிட்டு என்ன செய்யிறதுன்னு. அவன் 1821ல ரோம்ல செத்தப்ப வயசு 25. இதுக்கு மேல பயோகிராஃபி வேண்டாம்.

ராத்திரி முழிக்காத. படிச்சது ஒட்டுறது தூக்கத்துலதான், தூங்காமப் போனா படிச்சதும் போகும், ஹால்ல மூளையும் ஓடாது. தம்பிகிட்ட ஒரு வேலை குடு, டிவிய நிறுத்திட்டு உன் கோட் லிஸ்ட்ட கையில வச்சுகிட்டு பாதி வரி அவன் சொல்லணும் மீதி நீ சொல்லணும், தப்பு ஒண்ணுக்கு ஒரு ரூபான்னு பந்தயம் வை, அப்புறம் டிவி பக்கமே போகமாட்டான்.

தமிழ்ல யோசிக்கிறத நெனச்சு ஏன் பயப்படுற? கேள்வியப் படிச்சதும் பின்பக்கத்துல பென்சில்ல நாலு பாயின்ட் தமிழ்லயே போடு, அஞ்சு நிமிஷம் அதுக்குன்னே ஒதுக்கு, எழுதுறப்ப சின்னச் சின்ன வாக்கியமா இங்கிலீஷ்ல எழுது, ப்ரெசன்ட் டென்ஸ் மாறாம. கதை சொல்லாத, கதை திருத்துறவங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு பாராவும் கேள்விக்குப் பதிலா ஆரம்பிக்கணும், அப்புறம்தான் சீன், கோட் எல்லாம். வரி சரியா ஞாபகம் வரலன்னா கொட்டேஷன் மார்க் போடாம உன் வார்த்தையில சொல்லிட்டுப் போ, சொந்தமா ஒரு வரிய உருவாக்கி ஷேக்ஸ்பியர் தலையில கட்டாத.

மூணு மணி நேரம் நாலு கேள்வின்னா ஒண்ணுக்கு முக்கால் மணி நேரம், பிடிச்ச கேள்விக்கு சப்ளிமென்ட் (கூடுதல் பேப்பர்) மேல சப்ளிமென்ட் வாங்கி ஒரு மணி நேரத்த முழுங்கிறாத, நாலாவது கேள்விய வெறுமையா விட்டவங்கதான் ஏடிகேடியில மாட்டுறது. பத்து நிமிஷம்தான் மிச்சம்னாலும் ஆறு பாயின்டாவது எழுதி வை. அப்பாகிட்ட பேச யாராச்சும் வேணும்னா சொல்லு, ஒருநாள் நானே நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் வர்றேன். செவ்வாய்க்கிழமை முடிஞ்சதும் கேள்வித்தாள போட்டோ எடுத்து அனுப்பு, ஆஸ்டின்ல என்ன கேட்டாங்கன்னு எனக்குப் பாக்கணும்.