ஸ்பிரிங் ஏர்கன்னில் பிஸ்டன் எப்படி வேலை செய்கிறது? குண்டு போடாமல் ஏன் சுடக்கூடாது?

ஏர்கன் பிஸ்டன் சைக்கிள் பம்பின் தண்டு மாதிரிதான். கைக்குப் பதில் ஸ்பிரிங் தள்ளுகிறது. குழலை மடக்கும்போது பிஸ்டன் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் போய்க் கொக்கியில் நிற்கும். விசையை இழுத்ததும் முன்னே பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்று சிறு துளை வழியாகப் போய் 4.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளும்.

பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள்; தண்டு மெத்தென்று நிற்கும். விரலை எடுத்தால் 'டக்'கென்று அடியில் மோதும். குண்டில்லாமல் சுட்டால் நடப்பதும் இதுதான். காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் சிலிண்டர் முனையில் மோதும். பிஸ்டன் தலையில் காற்று கசியாமல் அடைக்கும் வாஷர் நசுங்கும், ஸ்பிரிங்கும் உடையலாம்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மடக்கியபடியே மணிக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளரும். பழைய தோல் வாஷருக்கு எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் போதும். சிந்தெடிக் வாஷர் என்றால் காற்றறைக்குள் சாதாரண எண்ணெய் விடவே கூடாது. அப்புறம், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் துப்பாக்கியைக் கழற்ற உட்காராதீர்கள். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தில்தான் இருக்கும், முகத்தில் பாயும்.

எண்ணெய் விட்டபின் புகையும் பலத்த சத்தமும் வந்தால் 'பவர் கூடிவிட்டது' என்று மகிழ்பவர்கள் உண்டு. அது நெருக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றி எரிந்து வாஷரைப் பொசுக்கும் சத்தம்.