பட்டம் கையில், வேலை இல்லை: அடுத்தது ஐ.டி.ஐ.யா, அப்ரண்டிஸா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். பெண், வயது 23. 2023-ல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், 64 சதவீதம். துணைப்பாடங்கள் இயற்பியலும் கணிதமும். 2020-ல் பிளஸ் 2 முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அதன்பின் புதுப்பிக்கவில்லை, பட்டத்தையும் பதியவில்லை. "கார்டு போட்டிருக்குல்ல, ஒருநாள் வரும்" என்கிறார் அப்பா. பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி மையம் மருந்துக் கம்பெனி வேலைக்கு 3 மாதப் பயிற்சி, மத்திய அரசு சான்றிதழ், வேலை உறுதி என்று சொல்லி 35,000 ரூபாய் கேட்கிறது. தோழி ஒருத்தி ஐ.டி.ஐ.யில் சேரச் சொல்கிறாள். பட்டம் படித்துவிட்டு அங்கே போகலாமா? உதவித்தொகை கிடைக்குமா? எதை முதலில் செய்வது?

பதில்: கடைசியாகக் கேட்டீர்களே, எதை முதலில் செய்வது என்று, அதுதான் சரியான கேள்வி. அரசுப் பயிற்சித் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. சிலவற்றுக்கு அது வயது, சிலவற்றுக்குப் படித்து முடித்த ஆண்டு. உங்களுக்கு 23 வயது, முடித்தது 2023. இந்த இரண்டு எண்களை வைத்துப் பார்த்தால் எது முதலில் கைநழுவும் என்பது தெரிந்துவிடும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

முதலில் கைநழுவப் போவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அப்ரண்டிஸ் இடங்கள், அதாவது ஸ்டைபண்ட் வாங்கிக்கொண்டே ஆலையில் தொழில் பழகும் இடங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வேதியியல் பட்டதாரிகள் நேரடியாகச் சேரக்கூடிய டிரேடு (தொழிற்பிரிவு) ஒன்று அதில் இருக்கிறது: அட்டெண்டன்ட் ஆபரேட்டர், கெமிக்கல் பிளான்ட். இதை ஐ.டி.ஐ.யில் படித்தால் 2 ஆண்டு. பி.எஸ்சி. முடித்தவரை ஐ.டி.ஐ. இல்லாமலே 12 மாத அப்ரண்டிஸாக இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலைகள் எடுக்கின்றன. சென்னை மணலியில் உள்ள சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம்) ஆலையும் இதே டிரேடுக்கு பி.எஸ்சி. பட்டதாரிகளை அழைக்கிறது. இந்த அறிவிப்புகளில் பொதுப் பிரிவுக்கு வயது 18 முதல் 24 வரை. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. மதிப்பெண் வரம்பு பொதுவாக 50 சதவீதம், உங்களுக்கு அது தடையில்லை. துணைப்பாடமாக இயற்பியலும் கணிதமும் படித்ததும் உங்களுக்குச் சாதகம். தாவரவியல், விலங்கியலைத் துணைப்பாடமாகப் படித்தவர்கள்தான் அறிவிப்பின் தகுதி வரியை இரண்டு முறை படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மாநிலத்துப் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது சாதிச் சான்றிதழில். தாசில்தார் அலுவலகம் தந்த பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழை மத்திய அரசு நிறுவனங்கள் ஓ.பி.சி. சான்றாக ஏற்பதில்லை. மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் கடைசித் தேதிக்குள் கைக்கு வராமல் போகலாம். உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

அடுத்த கெடு 2028-ல் வருகிறது. தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தை நாட்ஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். பட்டம், டிப்ளமோ முடித்து 5 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கானது. தென் மாநிலங்களுக்கு இதை நடத்தும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி ஓராண்டு. 2019-ல் திருத்திய விதி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் ஸ்டைபண்ட் என்று வைத்தது. அதில் பாதி, 4,500 ரூபாய், அரசின் பங்கு என்று இருந்தது.

நாட்ஸில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. படித்த துறையில் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்த அனுபவம் இருந்தால் அப்ரண்டிஸாகச் சேர முடியாது. ஏற்கெனவே ஒருமுறை அப்ரண்டிஸ் பயிற்சி முடித்திருந்தாலும் முடியாது. சும்மா இருப்பதற்கு இதாவது பார்ப்போம் என்று ஒரு லேபில் 8,000 ரூபாய்க்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஓட்டினால் நாட்ஸ் போய்விடும். அவசரப்பட்டு ஏதோ ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு நாட்ஸ் ஒப்பந்தம் போட்டாலோ, சுத்திகரிப்பு ஆலையில் கேட்க வழியில்லாமல் போகும். ஆகவே ஆலை அறிவிப்புகளுக்கு முதலில் முயலுங்கள். 24 வயது நிறையும் வரை, தளர்வு உண்டென்றால் அதுவரை. நாட்ஸ் அதற்கு அடுத்தது.

அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நாட்களில் பக்கத்தில் உள்ள ஆலைகளையும் நேரில் கேளுங்கள். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சிமென்ட் ஆலை என்றால் அதற்குத் தரக்கட்டுப்பாட்டு லேப் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் போனால் உரம், சோடா, அமிலம் என்று வேதியியல் ஆலைகள்தான். மனிதவளப் பிரிவில் வேலை இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். "நாட்ஸில் கிராஜுவேட் அப்ரண்டிஸ் எடுக்கிறீர்களா, லேபா பிளான்டா" என்று கேளுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

சேரும்போது ஒப்பந்தம் இணையதளத்தில் பதிவாகி ஒப்பந்த எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தையாக அப்ரண்டிஸ் என்று சேர்த்துக்கொண்டு, பதியாமலே ஆறு மாதம் வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துக்குச் சான்றிதழும் கிடைக்காது, அரசின் பங்கும் வராது. இன்னொன்றையும் தெரிந்துகொண்டு சேருங்கள். அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப், கம்ப்ரசர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கத்தில் நின்று பழகிய ஓராண்டும் அதற்கான சான்றிதழும்தான் நீங்கள் கொண்டு வருவது. கல்லூரி லேபில் அது கிடைக்காது.

ஐ.டி.ஐ. பற்றிச் சொல்கிறேன். பட்டம் படித்தவர் சேர்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. பத்தாம் வகுப்புத் தகுதியில் சேர்த்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் தருகிறார்கள். அதனால் இதற்கு உங்களுக்கு அவசரமில்லை, அப்ரண்டிஸ் முயற்சி கைகூடாவிட்டால் அடுத்த ஆண்டு சேரலாம். சேர்ந்தால் எந்த டிரேடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கெமிக்கல் பிளான்ட் டிரேடு வேண்டாம், உங்கள் பட்டமே அந்தத் தகுதியைத் தந்துவிடுகிறது. பட்டம் தராததைத் தேர்ந்தெடுங்கள். மின்வாரியக் கள உதவியாளர் பணிக்கு எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் டிரேடு சான்றிதழ் கேட்கிறார்கள், எந்தப் பட்டமும் அதற்கு ஈடாகாது. டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்களை அமைத்திருக்கிறது. அங்கே ரோபாட்டிக்ஸ், தானியங்கிக் கட்டுப்பாடு, மின்வாகன மெக்கானிக், நவீன சி.என்.சி. போன்ற பிரிவுகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் ஆபரேட்டராக விரும்பும் வேதியியல் பட்டதாரிக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு நல்ல துணை. இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

இனி அந்த 35,000 ரூபாய். அரசு நிதியில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கு, அது பிரதமர் திறன் திட்டமானாலும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துவதானாலும், பயிற்சியாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் கேட்டால் அது தனியார் பயிற்சி. தனியார் பயிற்சி என்பதாலேயே மோசம் என்று ஆகாது, ஆனால் அரசுச் சான்றிதழ் என்று சொன்னால் சில கேள்விகளை எழுதிக் கொடுத்து எழுத்திலேயே பதில் கேளுங்கள். இந்தப் பயிற்சியின் தகுதித்தொகுப்புக் (குவாலிஃபிகேஷன் பேக்) குறியீடு என்ன? தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் எத்தனையாவது நிலை? சான்றிதழ் தரும் அமைப்பு எது, தேர்வு வைப்பது யார்? மையத்தில் பாடம் எடுப்பவரே மதிப்பீடும் செய்கிறார் என்றால் அது அரசுச் சான்றிதழ் அல்ல. குறியீட்டைச் சொன்னார்கள் என்றால் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் அந்தப் பயிற்சியும் அந்த மையமும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி லேபுக்குள் போய்க் கேட்க வேண்டியது. மருந்துக் கம்பெனித் தரக்கட்டுப்பாட்டு நேர்காணலில் ஹெச்.பி.எல்.சி. பற்றி, அதாவது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி பற்றிக் கேட்பார்கள். மொபைல் ஃபேஸ் எப்படித் தயாரித்தீர்கள், கருவியின் பிரிப்புக் குழாயில் (column) அழுத்தம் ஏறினால் என்ன செய்வீர்கள், பி.ஹெச். மீட்டரை எந்த பஃபர்களால் காலிபரேட் செய்தீர்கள் என்று இறங்குவார்கள். மையத்தில் எத்தனை கருவி இருக்கிறது, ஒரு மாணவர் தன் கையால் எத்தனை சாம்பிள் ஓட்டுவார் என்று கேளுங்கள். வீடியோவில் காட்டிவிட்டுச் சான்றிதழ் தரும் இடத்தில் 35,000 அல்ல, 3,500 ரூபாயும் கொடுக்க வேண்டாம். "வேலை உறுதி" என்றால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதீர்கள். கொடுத்துவிட்டு, வேறு நேர்காணலுக்குக் காட்ட முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

குறுகிய காலச் சான்றிதழ், ஐ.டி.ஐ. சான்றிதழ், அப்ரண்டிஸ் சான்றிதழ் மூன்றும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். அரசு வேலை அறிவிப்பில் ஐ.டி.ஐ. என்று கேட்டிருந்தால் 300 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் காலத்தில் அது உண்மைதான். 1945-ல் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர ஆரம்பித்த அலுவலகங்கள் இவை. பின்னர் எல்லோருக்கும் பொதுவாகி, 1956 நவம்பரில் மாநிலங்களின் கைக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கே அரசு வேலை அந்த கார்டு வழியாகத்தான் வந்தது. ஆனால் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடத்தைத் தெரிவிக்கத்தான் கட்டாயப்படுத்தியது, பதிந்தவரையே எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டியலை மட்டும் நம்பாமல் விளம்பரமும் செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, கார்டு சீனியாரிட்டியால் மட்டும் வேலை வருவது சுருங்கிவிட்டது. இன்று பெரும்பாலான பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுதான் வழி.

அதற்காகப் பதிவை விட்டுவிடச் சொல்லவில்லை. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் 2023-லேயே தவறவிட்டதால் அந்தப் பதிவு காலாவதியாகியிருக்கும். விடுபட்டவர்களுக்குச் சிறப்புச் சலுகை தந்து முன்பு சில முறை அரசாணை வந்திருக்கிறது. பழைய அட்டையோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் இப்போது அப்படி ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, பட்டம் மூன்றையும் சேர்த்துப் புதிதாகப் பதியுங்கள். எப்போதும் கையில் இருக்கப்போகும் கைபேசி எண்ணைக் கொடுங்கள்.

உதவித்தொகை இந்தப் பதிவோடு கட்டப்பட்டது. கல்வித்தகுதியைப் பதிந்து 5 ஆண்டு தொடர்ந்து புதுப்பித்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் 2-க்கு 400, மூன்று ஆண்டு வரை. பதிவு அறுந்ததால் உங்கள் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். மாற்றுத்திறனாளி என்றால் ஓராண்டுப் பதிவு போதும், வருமான வரம்பும் இல்லை. தொகையும் கூடுதல், பட்டதாரிக்கு 1,000.

அந்த அலுவலகத்தில் உங்களுக்கு இன்று பயன்படுவது இன்னும் இரண்டு இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குத் தன்னார்வ பயிலும் வட்டம் நடத்தும் இலவச வகுப்பு ஒன்று. இன்னொன்று, பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம். முகாமில் கட்டணம் கிடையாது, அலுவலகப் பதிவும் ரத்தாகாது. முகாமுக்கு வரும் கம்பெனிகளிடமும் "அப்ரண்டிஸ் ஒப்பந்தமா, நேரடி வேலையா" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், முன்னே சொன்ன ஓராண்டு நிபந்தனைக்காக.

எங்கும் விண்ணப்பிக்கும் முன் இரண்டு காரியம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால் இணையப் பதிவு அங்கேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போல ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. வங்கிக்குப் போய் உங்கள் கணக்கில் ஆதார் வழியாக அரசுப் பணம் வரும்படி இணைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கே.ஒய்.சி.க்கு ஆதார் கொடுத்திருப்பது வேறு, இது வேறு. இந்த இணைப்பு இல்லாமல்தான் பல அப்ரண்டிஸ்களுக்கு அரசின் பங்கு மாதக்கணக்கில் வராமல் நிற்கிறது.

மணலியிலோ தூத்துக்குடியிலோ இடம் கிடைத்து, தங்குவது எங்கே என்று வீட்டில் தயங்கினால், பணிபுரியும் மகளிருக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் சென்னை உட்படப் பல நகரங்களில் இருக்கின்றன. பயிற்சி ஆணையைக் காட்டி இடம் கேளுங்கள். முதல் முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அறையைக் காட்டிவிட்டு வாருங்கள்.