அடித்தட்டுகளில் அமைத்த லெகோ தெருவைச் சாய்வாகவும் வளைவாகவும் திருப்புவது எப்படி?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: 32×32 குமிழ் (மேலே துருத்தி நிற்கும் பொருத்து முனை, ஸ்டட்) அடித்தட்டுகளில் தனித்தனிப் பகுதிகளாக ஒரு நகரத் தெரு. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறது. காட்சிக்கு எடுத்துச் செல்லும்போது பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். மேசை 'எல்' வடிவில் இருப்பதால் தெருவைத் திருப்பவும் வேண்டும். வெறும் செங்கோணத் திருப்பமாக இல்லாமல் இயல்பான தெரு போல மெல்ல வளைய வேண்டும். கூடவே ஒரு ரயில் பாதை.

என் பதில்: கட்டடங்களை வளைக்காதீர்கள், கட்டடங்களுக்கு இடையிலுள்ள இடத்தை வளையுங்கள். நேரான பகுதிகள் எல்லாம் இப்போது இருப்பதைப் போலவே சதுரமாக இருக்கட்டும். கோணம் முழுவதையும் ஓரிரு ஆப்பு வடிவப் பகுதிகளில் அடக்கிவிடுங்கள். ஒவ்வொரு கட்டடத்தையும் இரண்டு மூன்று டிகிரி திருகி வளைவு கொண்டுவரலாம் என்று சிலர் தொடங்குவார்கள். பிறகு எந்தப் பகுதியையும் வேறு பகுதியின் பக்கத்தில் வைக்க முடியாது. இடம் மாற்றி அடுக்க முடியவில்லை என்றால் மாடுலர் (பகுதி பகுதியாகப் பிரித்துச் சேர்ப்பது) என்று சொல்லிக்கொள்வதில் பொருளே இல்லை.

ஆப்பின் கோணத்தைக் கண்ணளவில் முடிவு செய்யாமல் குமிழ்களிடம் விட்டுவிடுவது நல்லது. இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. இந்தக் கட்டத்தில் சாய்வாக வைக்கும் தட்டின் இரு முனைகளும் குமிழில் சரியாக அமர வேண்டுமானால், சாய்வின் நீளமும் முழு எண்ணாக வர வேண்டும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே நேராகப் பயன்படுகிறது. 3, 4, 5 என்ற மூன்று எண்களும் அதற்குத் தோதானவை.

கையில் ஒரு பெரிய தட்டு இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். ஒரு குமிழைத் தேர்ந்து அதன்மேல் 1×1 வட்டத் தட்டு ஒன்றைப் பொருத்துங்கள். அங்கிருந்து வலப்பக்கம் நான்கு இடைவெளி, மேலே மூன்று இடைவெளி எண்ணி, அந்தக் குமிழில் இன்னொரு வட்டத் தட்டு. இரண்டின் மீதும் 1×6 தட்டின் இரு முனைகளையும் வைத்து அழுத்துங்கள். ஒரு சிறு சத்தத்தோடு இரு பக்கமும் இறங்கிவிடும், எங்கும் இழுபறி இருக்காது. வட்டத் தட்டின் உயரம் 3.2 மி.மீ.; குமிழ் அதைவிடக் குட்டையானது. ஆகவே நடுவில் உள்ள குமிழ்கள் சாய்ந்த தட்டின் அடியில் இடிப்பதில்லை. எண்ண வேண்டியது குமிழ்களை அல்ல, இடைவெளிகளை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஐந்து இடைவெளிக்கு ஆறு குமிழ் நீளத் தட்டு தேவை. முதன்முதலில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த ஓர் எண்ணிக்கையில்தான்.

இதில் கிடைக்கும் கோணங்கள் 36.87 டிகிரியும் 53.13 டிகிரியும். இரண்டையும் கூட்டினால் மிகச்சரியாக 90. உங்கள் 'எல்' மேசைக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை. முதல் ஆப்பில் 36.87, இடையில் சாய்ந்த ஒரு தெருத்துண்டு, இரண்டாவது ஆப்பில் 53.13 என்று வைத்தால் தெரு இரண்டு தவணையில் செங்கோணம் திரும்பிவிடும். இரண்டு திருப்பங்களும் சமமாக இல்லாததால் வரைபடக் கருவியால் போட்டது போலவும் தெரியாது. பழைய ஊர்த் தெருவின் சாயல் தானாக வந்துவிடும்.

32 குமிழ் ஆழமுள்ள பகுதிக்கு இதே விகிதத்தை ஆறு மடங்காக்குங்கள்: 18, 24, 30. பின்பக்க மூலைக் குமிழைச் சுழல் முனையாக வைத்துக்கொண்டு, இடப்பக்கப் பகுதியின் விளிம்பை ஒட்டி 24 இடைவெளி முன்னால் வந்து, அங்கிருந்து பக்கவாட்டில் 18 இடைவெளி தள்ளினால் இரண்டாவது பிடிப்புக் குமிழ் கிடைக்கும். வலப்பக்கப் பகுதியின் விளிம்பு இந்த இரண்டு குமிழ்களின் மீதும் உட்காரும். இப்போது பிடிப்புகளுக்கு இடையே 30 இடைவெளி, அதாவது 24 செ.மீ. இருக்கிறது. பிடிப்புகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு ஆட்டம் குறையும். 53.13 டிகிரி ஆப்புக்கு 24ஐயும் 18ஐயும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இடையில் வரும் சாய்ந்த துண்டின் நீளத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுழல் முனைக்குச் சுழல் முனை 32 இடைவெளி என்று வைத்தால் அது கட்டத்தில் 25.6க்கும் 19.2க்கும் போய் விழும். அதற்குப் பிறகு வரும் எல்லாமே முதல் தெருவின் கட்டத்திலிருந்து விலகி நிற்கும். அதையே 40 ஆக்கினால் 32, 24 என்று முழு எண்களில் வந்து முடியும். நீளம் ஐந்தின் மடங்காக இருந்தால் போதும். திறந்த தெருவுக்கு இது கட்டாயமில்லை. ஆனால் ரயில் பாதை சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும் என்றால் இந்தக் கணக்கில் சலுகை கிடையாது.

5, 12, 13 என்ற கூட்டணியையும் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் கோணம் 22.62 டிகிரி; ரயில் வளைவுத் துண்டின் 22.5 டிகிரிக்கு மிக நெருக்கம். ஒரே ஒரு ஆப்புக்கு அருமையானது. நான்கு ஆப்புகளை அடுக்கி 90 டிகிரி திருப்பினால் 90.48 வரும். அரை டிகிரிதானே என்று தோன்றும். அதன் பிறகு ஒரு மீட்டர் தெரு நேராக ஓடினால், அதன் கடைசி முனை 8 மி.மீ.க்குச் சற்று மேல் விலகியிருக்கும். முழுதாக ஒரு குமிழ் தப்பிவிடும்.

45 டிகிரி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு முழு எண் விடையே இல்லை. முழு எண் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் ஒருபோதும் முழு எண்ணாக வராது. ஆனாலும் 12க்கு 12 சதுரத்தின் மூலைவிட்டம் 16.97. அதை 17 என்று வைத்துக்கொண்டால் பிழை கால் மி.மீ.க்குள் அடங்கும், கட்டைகளின் நெகிழ்வு அதை விழுங்கிவிடும். 5க்கு 5 என்று சிறிய சதுரத்தில் முயன்றால் பிழை அரை மி.மீ.யைத் தாண்டும், பொருந்தும்தான், ஆனால் தட்டு இழுபட்டு இறுகி நிற்கும். நாள்கணக்கில் அந்த இறுக்கத்திலேயே வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை.

ஆப்பின் தரையை முடிக்க ஆப்புத் தட்டுகள் உதவும். 2×3 ஆப்புத் தட்டின் சாய்வு மூன்றுக்கு ஒன்று, அதாவது 18.43 டிகிரி. இடது வலது என்று இரண்டும் சேர்ந்தால் 36.87. நம் 3-4-5 கோணமேதான்! 2×4 ஆப்புத் தட்டு இரண்டு சேர்ந்தால் 28.07, அது 8-15-17 முக்கோணத்தின் கோணம். இதற்குப் பின்னால் அழகான ஒரு முக்கோணவியல் சமன்பாடு இருக்கிறது, ஆர்வமிருந்தால் தாளில் போட்டுப் பாருங்கள். நடைமுறையில் இதன் பயன்: குமிழ் வரிசைகள் ஆப்பின் நடுக்கோட்டை ஒட்டி ஓடும்படி தரையைக் கட்டினால், இருபுற விளிம்புகளையும் 2×3 ஆப்புத் தட்டுகளால் பல் பல்லாகத் தெரியாமல் வழுவழுப்பாக முடிக்கலாம். அதன் மேல் புல்வெளி, படிக்கட்டு, நீரூற்று, நாற்காலிகள் எது வேண்டுமானாலும் வைக்கலாம். நெரிசலான தெருவில் ஒரு முக்கோணத் திடல் கிடைப்பது உண்மையில் வரவுதான்.

இதுவரை சொன்னது, தெரு பார்வையாளரை விட்டு விலகித் திரும்பும்போது. அப்போது இடைவெளி முன்பக்கம் திறக்கிறது. தெரு பார்வையாளரை அணைப்பது போல உள்நோக்கித் திரும்பினால் முன்மூலைகள் ஒன்றையொன்று தொடும், இடைவெளி பின்பக்கம் போய்விடும். அங்கே யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆப்பே கட்டாமல் தப்பிக்கலாம். ஆனால் முன்பக்கம் துருத்தி நிற்கும் கடைக் கூரை, பால்கனி, பெயர்ப்பலகை எல்லாம் அடுத்த கட்டடத்தை இடிக்கும். திருப்பத்தின் இருபுறமும் தட்டையான முகப்புள்ள கட்டடங்களை நிறுத்துங்கள்.

இனி வளைவு. வளைந்த சுவர் கட்டச் சிறப்புத் துண்டுகள் தேவை என்பது பொதுவான நம்பிக்கை. வெறும் 1×2 கட்டைகளே வளையும். 8 மி.மீ. கட்டத்தில் 1×1 கட்டையின் உண்மையான அகலம் 7.8 மி.மீ.; ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. விட்டுத்தான் வார்க்கிறார்கள். செங்கல் சுவர் போல ஒன்றின் பாதியில் மற்றொன்று ஏறும்படி 1×2 கட்டைகளை மட்டும் அடுக்கினால், ஒவ்வொரு குமிழும் ஒரு கீலாகி ஏறத்தாழ ஒன்றரை டிகிரி திரும்ப இடம் தரும். அந்தக் கணக்கில் 32 குமிழ் நீளச் சுவர் 45 டிகிரி வரை வளையும். முழு வட்டமாக்கினால் ஆரம் 40 குமிழுக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்தச் சுவரைக் குமிழ்த் தரையில் பொருத்த முடியாது. டைல் (குமிழில்லாத வழுவழுப்பான தட்டு) பரப்பின் மீது நிறுத்தி, இரு முனைகளில் மட்டும் பிடித்துவைக்க வேண்டும். இடையில் நீளமான கட்டை ஒன்றைச் செருகினாலும் அந்த இடத்தில் வளைவு செத்துவிடும்.

இன்னும் இறுக்கமான வளைவுக்கு 1×3 கட்டையும் 1×1 வட்டக் கட்டையும் மாறி மாறி. ஒரு வரிசையில் 1×3, வட்டம், 1×3, வட்டம் என்று வரும். அடுத்த வரிசையில் 1×3 கட்டை, கீழுள்ள வட்டத்தின் மேல் நடுவாக உட்கார்ந்து, இருபுற 1×3 கட்டைகளின் கடைசிக் குமிழ்களைப் பிடிக்கும். திரும்பும் மூலைக்கு வட்டக் கட்டை வழிவிடுவதால் ஒவ்வொரு இணைப்பிலும் 15 டிகிரி தாராளமாகக் கிடைக்கும். அந்தக் கோணத்தில் 24 இணைப்புகள் ஒரு வட்டத்தை முடித்துவிடும். குறுக்களவு 15 குமிழ் அளவுதான். கோபுரத்துக்கும் மூலைக் கட்டடத்தின் உருண்ட முகப்புக்கும் இது போதும். சுவரின் முகம் வரிவரியாகத் தெரியும். எனக்கு அந்த வரி பிடிக்கும், பிடிக்காதவர்கள் வளைந்த சுவர்த் துண்டுகளைத் தேடட்டும்.

பல்கோண முகப்பு வேண்டுமானால் கிளிக் வகைக் கீல்கள் 22.5 டிகிரிக்கு ஒரு படியாக நிற்கும். சாதாரணக் கீல் தட்டு எந்தக் கோணத்திலும் நிற்கும், ஆனால் கனமான சுவரைத் தாங்காது. கீல் மடியும் வெளிமூலையில் ஒரு பிளவு தெரியும். அங்கே 1×1 வட்டக் கட்டைகளை மேலிருந்து கீழ்வரை அடுக்கி மழைநீர்க் குழாய் ஆக்கிவிடுங்கள். உண்மையான கட்டடங்களிலும் குழாய் மூலையில்தானே இறங்குகிறது!

ரயில் பாதைக்கு வருகிறேன். லெகோவின் வழக்கமான வளைவுத் துண்டின் ஆரம், தண்டவாளத்தின் நடுக்கோடு வரை, 40 குமிழ். பதினாறு துண்டு ஒரு வட்டம், நான்கு துண்டு செங்கோணம். பாதையின் அகலம் 8 குமிழ் என்பதால் வெளி விளிம்பு 44இல் முடிகிறது. ஆக 48×48 அடித்தட்டு ஒன்றில், அதன் ஒரு மூலையை மையமாகக் கொண்டு, முழுத் திருப்பமும் அடங்கிவிடும். அப்போது தண்டவாள நடுக்கோடு தட்டின் ஓரத்திலிருந்து 8 குமிழ் உள்ளே இருக்கும். உங்கள் நேரான பகுதிகளிலும் அதே 8 குமிழை வைத்துக்கொண்டால் எந்தப் பகுதியும் எதோடும் சேரும். பக்கத்திலேயே இரண்டாவது பாதை வேண்டுமானால், பிற தயாரிப்பாளர்கள் 56 குமிழ் ஆர வளைவு விற்கிறார்கள். அதன் வெளி விளிம்பு 60ஐத் தொடும், எனவே நான்கு 32×32 தட்டுகளைச் சேர்த்து 64க்கு 64 ஆக்க வேண்டும். வளைவின் நடுவில் பாதை குமிழ்களோடு பொருந்தாது. அந்த இடங்களில் அடியில் டைல் போட்டு, முனைகளில் மட்டும் பொருத்துங்கள். எல்லா இடத்திலும் அழுத்திப் பொருத்த முயன்றால் பாதை மேடும் பள்ளமுமாகி வண்டி தடம் புரளும்.

ரயில் வளைவும் தெருவின் ஆப்பும் ஒரே கோணத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பாதை தன் 22.5 டிகிரிக் கணக்கில் போகட்டும், தெரு தன் 3-4-5 கணக்கில் போகட்டும். நடுவில் மிஞ்சும் ஒழுங்கற்ற நிலத்தில் மரங்களை நடுங்கள்.

பிரித்துச் சேர்ப்பது பற்றிக் கடைசியாக. 2007இல் வந்த கஃபே கார்னர் தொகுப்பு தொடங்கி லெகோவின் மாடுலர் கட்டட வரிசையில் பகுதிகளைப் பக்கவாட்டில் இணைக்க டெக்னிக் முளைகளே (துளையுள்ள கட்டைகளில் செருகும் சிறு முளைகள்) பயன்படுகின்றன. உங்கள் நேரான பகுதிகளுக்கும் அதுவே போதும். ஆப்பின் சாய்ந்த விளிம்பில் முளை வேண்டாம், மேலிருந்து இறங்கும் இரண்டு குமிழ்ப் பிடிப்புகளே போதும். முளையைப் பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். ஏற்கெனவே வரிசையாக நிற்கும் கட்டடங்களை நகர்த்தாமல் அது நடக்காது. ஆப்பை மேலிருந்து வைத்து, மேலே தூக்கி எடுக்கலாம். மெல்லிய அடித்தட்டைச் சாய்வாக வெட்டிப் பாழாக்கவும் வேண்டாம்: ஆப்பின் வடிவத்துக்கு ஒட்டுப்பலகை அறுத்து அதன் மேல் தட்டுகளை அடுக்குங்கள். பலகையின் தடிமனுக்கு ஏற்ப மற்றப் பகுதிகளின் அடியிலும் அதே பலகையைக் கொடுத்துவிட்டால் உயரம் ஒன்றாகிவிடும். பலகையை அறுக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு மி.மீ. உள்வாங்கி அறுக்கச் சொல்லுங்கள். விளிம்பைத் தொட வேண்டியது கட்டைகள், மரம் அல்ல. ஆப்புகளை முதலில் கட்டி, இரண்டு வெற்று அடித்தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சரிபார்த்த பிறகு மேலே கட்டடங்களைத் தொடங்குங்கள்.