மெட்ரோ, பேருந்து, ரயில் மூன்றையும் ஒருங்கிணைத்தால் பெங்களூரு நெரிசல் குறையுமா?

மெட்ரோ 96 கிலோமீட்டருக்கு நீண்ட பிறகும் பெங்களூருச் சாலைகளில் நெரிசல் தணியாதது ஏன், மூன்று போக்குவரத்தையும் ஒருங்கிணைத்தால் மாற்றம் வருமா, அல்லது மக்கள் காரையும் பைக்கையும் விடவே மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவர், “நம் மக்களுக்குச் சொகுசு பழகிவிட்டது” என்று ஒரே வரியில் பதில் தந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நெரிசல் குறையும் என்பதே என் பதில்; ஆனால் முதலில் இணைக்க வேண்டியவை கால அட்டவணைகள்.

நான் கோலார் தங்கவயல்காரன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து எங்கள் ஊர்ப் பிழைப்பில் பெரும்பகுதி பெங்களூரு ரயிலை நம்பித்தான் நடக்கிறது. மாரிக்குப்பத்தில் இருட்டோடு கிளம்பும் வண்டி, பங்காரப்பேட்டையும் மாலூரும் தாண்டுவதற்குள் நிற்கவும் இடமின்றி நிரம்பிவிடும். கொத்தனார், நர்ஸ், கணக்கர், காவலாளி என்று எல்லாரும் சீசன் டிக்கெட்காரர்கள். உட்கார இடம் கிடைத்தவர் தமக்குத் தெரிந்தவர்களின் சாப்பாட்டுப் பைகளை மடியில் அடுக்கி வைத்துக்கொள்வார். இவர்களிடம் போய் யாரும் சொகுசைப் பற்றிப் பேச வேண்டாம்.

நானும் அந்த ரயிலில் போய்வந்த காலத்தில் எனக்கு வெளிவட்டச் சாலையில், மாரத்தஹள்ளியைத் தாண்டி, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கே.ஆர்.புரத்தில் இறங்கி 500டி பேருந்தைப் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் ரயில் நிலையமும் தொங்குபாலமும் டின் ஃபேக்டரி பேருந்து நிறுத்தமும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். நேரிலோ, நடைமேம்பாலத்தில் நெருக்கித் தள்ளும் கூட்டத்தோடு ஏறி இறங்கி, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து, பாய்ந்து வரும் வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டே சாலையைக் கடந்தால்தான் நிறுத்தத்தை அடைய முடியும். அதற்குள் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயிருக்கும். நெரிசலில் முதல் வண்டி பிந்தினால் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் பெருகும். அத்தனை பேரையும் ஏற்றுவதால் அது இன்னும் பிந்தும். பின்னால் வருவது ஆளில்லாமல் விரைந்து வந்து அதன் வாலைப் பிடித்துவிடும். இதில் ஓட்டுநரின் குற்றம் ஒன்றுமில்லை. ரயிலும், விரைவு வண்டிக்கு வழிவிட நிறுத்தப்பட்டால், பிந்தத்தான் செய்யும். இரண்டுக்கும் நடுவே ஏற்படும் இடைவெளியைத் தன் நேரத்தைக் கொடுத்து அடைப்பவர் பயணிதான். என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தவணையில் பைக் எடுத்தது, ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பினால் அன்று. டின் ஃபேக்டரியில் காத்து நின்ற களைப்பினால்தான்.

இந்த இடத்தில் என் பழைய ஆற்றாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் வரும் நேரத்துக்கு ஏற்ப வேலை தொடங்கும் நேரத்தைக் கால் மணி நேரம் தள்ளித் தரும்படி அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டேன். சிலருக்காக விதியைத் தளர்த்த இயலாது என்று பதில் வந்தது. சதுர அடிக் கணக்கில் வாடகை வாங்கும் அந்தக் கட்டடத்தின் அடித்தளம் முழுவதும் காரில் வருபவர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டிருந்தது. மேலதிகாரிகளுக்குப் பெட்ரோல் படியும் உண்டு. சீசன் டிக்கெட் எடுத்து வந்தவனுக்கு ஒரு டீக்காசுகூடக் கிடையாது. காரில் வா என்று நிறுவனமே பணம் கொடுத்து அழைத்துவிட்டு, சாலையில் கார் பெருகியதற்கு மக்களின் மனப்போக்கைக் குறை சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023ஆம் ஆண்டே சாட்சி. அந்த மார்ச்சில் ஒயிட்ஃபீல்டு முதல் கே.ஆர்.புரம் வரை ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர் மெட்ரோ திறக்கப்பட்டது, ஆனால் கே.ஆர்.புரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் மட்டும் முடியவில்லை. அக்டோபரில் அந்தத் துண்டு திறக்கப்படும்வரை, மெட்ரோவிலிருந்து இறங்கி, இணைப்புப் பேருந்தில் ஏறி, மீண்டும் மெட்ரோவில் ஏற வேண்டியிருந்ததால், அந்தப் புதிய பாதையால் நகரத்துக்குள் செல்பவர்களுக்குப் பெரிய பயன் இருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் தடம் மூன்றே ரயில்களோடு தொடங்கியபோது, வண்டிக்கும் வண்டிக்கும் 25 நிமிட இடைவெளி இருந்தது. பச்சைத் தடத்திலிருந்து மாறுபவர் ஒரு நிமிடத்தில் தவறவிட்டாலும் கிட்டத்தட்ட அரை மணி நேரம் போனதுதான். பிறகு ரயில்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட, இடைவெளி சுருங்கியது.

இதை யார் சரிசெய்வது என்பதில்தான் சிக்கல். பேருந்து மாநிலக் கழகத்தின் கையில். மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்தின் கையில். ரயில் தென்மேற்கு ரயில்வேயின் கையில். நிறுத்தமும் நடைபாதையும் மாநகராட்சிகளின் பொறுப்பு, சாலையை ஒழுங்குபடுத்துவது காவல்துறையின் பொறுப்பு. எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காகவே பெங்களூரு பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. ஆனால் கால அட்டவணையையும் கட்டணத்தையும் தானே தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத ஆணையம், கூட்டம் நடத்துவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1965இலேயே வெவ்வேறு நிறுவனங்களின் ரயில், பேருந்துகளை ஒரே கட்டணக் கூட்டமைப்பின்கீழ்க் கொண்டுவந்தார்கள். சென்னையில் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். தமிழன் சென்னைப் பெருமை பேச வந்துவிட்டான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்: ஒரே டிக்கெட் இருப்பதால் மட்டும் ரயில் வரும்வரை பேருந்து காத்திருக்காது என்பது சென்னைக்கும் பொருந்தும்.

கட்டணமும் மக்களைப் பிரித்துத்தான் வைக்கிறது. 2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்து இலவசம். மெட்ரோவிலோ 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆக உயர்ந்தது. என் தங்கை, தலைக்கு மேலே மெட்ரோ பறந்துகொண்டிருக்க, கீழே பேருந்தில்தான் போகிறாள். இலவசம் தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் வேலைக்கே போயிருக்க மாட்டார்கள். வண்டி மாறும்போதெல்லாம் புதிதாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்வரை மாறத் தயங்குவார்கள் என்றுதான் சொல்கிறேன்.

2019இல் சில்க் போர்டு – கே.ஆர்.புரம் சாலையில் பேருந்துக்கென்று தனித் தடம் ஒதுக்கிக் கம்பங்கள் நட்டார்கள். நின்றுபோன கார் வரிசையைப் பேருந்து கடந்து போவதை ஜன்னலோரம் அமர்ந்து பார்த்தேன். அலுவலகத்தில் கார் வைத்திருந்த இருவர் என்னிடம் பேருந்து எண்ணைக் கேட்டார்கள். பிறகு மெட்ரோ வேலைக்காகச் சாலை தோண்டப்பட்டது, தடமும் மறைந்தது. அதே சாலைவழியே மெட்ரோவின் நீலத் தடம் வந்த பிறகாவது அதை மீண்டும் தர வேண்டும்.

நீங்கள் ஒயிட்ஃபீல்டு பக்கம் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். நீலத் தடம் திறக்கும்வரை, மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாறிச் செல்லும் சுற்றுவழியை ஒரு வாரம் முயன்று பாருங்கள். தூரம் கூடுதல்தான், ஆனால் முழுவதும் மெட்ரோ, ஒரே டிக்கெட், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்பது புறப்படும்போதே தெரியும்.