கதவையும் எடுத்துக்கொண்டு போனவன்

அன்புள்ள ஐயா,

என் மேசைக் கணினியில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவ்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் விண்டோஸ் 11. அக்கா தன் கணக்கு வேலைகளையெல்லாம் அதில்தான் செய்கிறாள். இன்னொன்று புதிது, காலியாக இருக்கிறது. அதில் எனக்காக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவ வேண்டும். நிறுவும்போது விண்டோஸ் டிரைவைக் கழற்றிவிடு என்கிறார்கள் சிலர். அதெல்லாம் வீண் பயம், டிரைவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். டிரைவே தனித்தனி என்னும்போது ஒன்று மற்றொன்றை என்ன செய்துவிட முடியும்? பேக்கப் எதுவும் எடுக்கவில்லை, அக்காவின் டிரைவை நான் தொடப்போவதில்லையே. எந்த லினக்ஸ் நல்லது என்றும் சொல்லுங்கள். நீங்கள் லினக்ஸில் எழுதுவதாக முன்பு குறிப்பிட்டிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

நாவல் பற்றியும் சிறுகதை பற்றியும் வந்த கடிதங்கள் காத்துக் கிடக்க, முதலில் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். போன வாரம் நானும் அண்ணனும் ஒரு பழைய கணினியைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தோம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதில் என் கதவு எங்கே இருந்தது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

எந்த லினக்ஸ் என்ற கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். உபுண்டு, மின்ட், ஃபெடோரா மூன்றில் எது கைக்கு முதலில் கிடைக்கிறதோ அது. இந்தக் கேள்வியிலேயே ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வாரம் ஒன்றை நிறுவுவார்கள், திரையின் நிறத்தை மாற்றுவார்கள், ஒரு பக்கம் எழுத மாட்டார்கள்.

அடுத்தது பேக்கப். இங்கே கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், தம்பி. அக்காவின் உழைப்பு முழுக்க இருக்கும் டிரைவுக்கு நகல் இல்லை என்பதை இவ்வளவு சாவகாசமாக எப்படி எழுத முடிந்தது? நிறுவும்போது திரையில் அக்கா டிரைவ், தம்பி டிரைவ் என்று எழுதி வராது. இப்போதைய எஸ்எஸ்டிகளின் இணைப்பு வகைப் பெயரோடு ஓர் எண் சேர்ந்து, என்விஎம்இ 0, என்விஎம்இ 1 என்றுதான் வரும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு என்றால் அந்த ஓர் எண்ணைத் தவிர வித்தியாசம் எதுவும் தெரியாது. அந்த எண்ணும் நிலையில்லாதது. இன்று 0 ஆக வந்த டிரைவ் அடுத்த முறை கணினி எழும்போது 1 ஆக வரலாம். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நீங்கள் அழுத்தும் ஒரு பொத்தான் எந்த டிரைவை அழிக்கும் என்பது அந்த எண்ணில் தொங்குகிறது. நகல் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இனி அந்தத் 'தனித்தனி'. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் இதுதான்.

இன்றைய கணினிகளில் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் யூஇஎஃப்ஐ என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. பயாஸ் என்றே இன்னும் பலர் சொல்கிறார்கள், சொல்லட்டும். அது டிரைவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்னப் பகுதியைத் தேடும். ஃபேட்32 வடிவில், விண்டோஸ் உருவாக்கியது என்றால் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். சாதாரணமாக உங்கள் கண்ணில் படாது. அதற்குள் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு கோப்புறை. இயங்குதளத்தை எழுப்பும் கோப்பு அங்கேதான் இருக்கிறது. மீதமுள்ள நூற்றுக்கணக்கான ஜிபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கோப்பு கிடைக்காவிட்டால் கணினி எழாது.

கணினி முழுவதற்கும் இப்படி ஒரு பகுதி இருந்தாலே போதும். அது எந்த டிரைவிலும் இருக்கலாம். அதனால் புதிதாக நிறுவ வரும் இயங்குதளம், ஏற்கெனவே ஒன்று இருப்பதைக் கண்டால் சிக்கனமாக அதிலேயே தன் கோப்புறையையும் போட்டுவிடுகிறது. விண்டோஸ் நிறுவி அப்படிச் செய்வதுண்டு. உபுண்டுவின் பழைய நிறுவியில், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட் லோடரை இரண்டாவது டிரைவில் வை என்று நீங்கள் தெளிவாகத் தேர்ந்தெடுத்தாலும் முதல் டிரைவின் இஎஃப்ஐ பகுதியில் போய் வைக்கும் குறை பல ஆண்டுகள் இருந்தது. டிரைவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று உங்களிடம் சொன்னவர்கள் இதில் இன்னும் மாட்டாதவர்கள்.

நான் மாட்டினேன்.

விண்டோஸ் 8 வந்த காலம். வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கணினி. என் ஹார்டு டிஸ்கில் லினக்ஸ் முதலிலிருந்தே இருந்தது. அண்ணன் ஓர் எஸ்எஸ்டி வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் விண்டோஸ் நிறுவினான். என் டிஸ்க் மாட்டியபடியே இருந்தது. கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது. ஓராண்டு எந்தக் குறையும் இல்லை. கணினி எழும்போது வரும் பட்டியல் பத்து நொடி காத்திருக்கும். அவன் விண்டோஸை முதலாவதாக மாற்றிவைப்பான், நான் லினக்ஸை முதலாவதாக மாற்றிவைப்பேன். எங்களுக்குள் அதிகபட்சப் போர் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு நிஜமாகவே ஒரு சண்டை வந்தது. எதைப் பற்றி என்பதை இன்றுகூட இருவரும் இருவிதமாகச் சொல்கிறோம். நான் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு, கணினியைத் திறந்து என் டிஸ்கைக் கழற்றினேன். நான்கு திருகுகள். ஒன்று நழுவி உள்ளே விழுந்தது, இருந்த கோபத்தில் தேடவில்லை. ஆனால் அவனுடைய எஸ்எஸ்டியின் கேபிளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். அந்த நேரத்திலும் நியாயமாக நடந்துகொள்வதாக எனக்கு ஒரு பெருமிதம்.

மறுநாள் அண்ணன் தொலைபேசியில் அழைத்தான். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்கிறது, என்ன செய்தாய் என்றான். "என்னுடையதைத்தான் எடுத்தேன், உன்னுடையதைத் தொடவே இல்லை" என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களும் 'தொடப்போவதில்லையே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு மாதம் பேசவில்லை. டிரைவ் செத்துவிட்டது என்று யாரோ சொல்ல, அவன் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான். அதே நான்கு மாதமும் என் அறையில், என் டிஸ்கின் இஎஃப்ஐ பகுதியில், என் லினக்ஸ் கோப்புறைக்குப் பக்கத்திலேயே அவனுடைய விண்டோஸின் கோப்புறை இருந்தது. நானே பார்த்திருக்கிறேன். பழைய குப்பை என்று அழிக்கப்போய், சோம்பேறித்தனத்தால் விட்டேன். ஒரு நாள் வேறு எதற்கோ இஎஃப்ஐ பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் விளங்கிவிட்டது. கை ஓடவில்லை.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவன் எஸ்எஸ்டியை உறையிலிருந்து எடுத்து மாட்டினேன். அதன் கடைசியில் 300 எம்பி இடத்தை ஒதுக்கி, அதில் புதிதாக ஓர் இஎஃப்ஐ பகுதி உருவாக்கி, பிசிடிபூட் என்று ஒரே ஒரு கட்டளை. ஒரு நொடிகூட ஆகவில்லை, கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது. மறுபடி இயக்கினேன். அவனுடைய திரையின் பின்னணிப் படம், அதன்மேல் தாறுமாறாகக் கிடந்த கோப்புகள், எல்லாம் அப்படியே. பின்னால் நின்றிருந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். "போகிறபோது கதவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்" என்றான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தவறு எங்கள் இருவருடையதும்தான். இரண்டு டிரைவையும் மாட்டிவைத்துக்கொண்டு நிறுவினோம். உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுவே: கழற்றுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறது, கழற்ற முடியவில்லை என்றால், சில மதர்போர்டுகளில் அந்த இணைப்பை யூஇஎஃப்ஐ அமைப்புகளிலேயே முடக்கலாம். அப்போது லினக்ஸ் தனக்கென்று ஓர் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கிக்கொள்ளும். பிறகு அக்காவின் டிரைவை மாட்டி, கணினி எழும்போது எஃப்12, எஃப்11, எஃப்8 என உங்கள் போர்டுக்கு உரிய விசையை அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக எழுவது விண்டோஸாகவே இருக்கட்டும், அக்கா எந்த விசையையும் அழுத்த வேண்டாம். லினக்ஸ் பட்டியலில் விண்டோஸைக் காணோமே என்றும் பதறாதீர்கள். லினக்ஸின் பூட் லோடரான கிரப், 2021இல் வந்த 2.06 பதிப்பு முதல் அதன் இயல்பு அமைப்பில் மற்ற இயங்குதளங்களைத் தானாகத் தேடுவதில்லை.

இவ்வளவு செய்தாலும் முழுக்கத் தனியாகிவிட முடியாது. மதர்போர்டின் கடிகாரம் ஒன்றுதான். அதில் உள்ளூர் நேரம் ஓடுவதாக விண்டோஸ் நினைக்கும், உலகப் பொது நேரம் ஓடுவதாக லினக்ஸ் நினைக்கும். நீங்கள் எழுந்துபோன பிறகு அக்காவின் கணக்கில் மணி மாறி நிற்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். யூஇஎஃப்ஐயின் நினைவகமும் பொதுதான். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பழைய லினக்ஸ் பூட் லோடர்களை ஏற்காதே என்று அங்கே எழுதிவைத்தது. நம்பகமான பூட் லோடரை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் என்ற காவல் இயங்கிய பல கணினிகளில் லினக்ஸ் எழாமல் போனது. விண்டோஸின் வேகத் துவக்கத்தை அணைத்துவிடுங்கள், அது இருக்கும்வரை விண்டோஸ் உண்மையில் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையில் அவள் கோப்புகளை லினக்ஸிலிருந்து திருத்தப்போவது வம்பு.

டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறந்தே போனேன். விண்டோஸ் 11 டிரைவைத் தானாகவே பூட்டி வைத்திருக்கலாம். செக்யூர் பூட்டைத் தொட்டீர்கள் என்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அதை அக்காவிடம் கேட்டு வாங்குங்கள். எதற்கு என்று கேட்பாள். சொல்லுங்கள், அவளுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. இப்போதைய எஸ்எஸ்டிகளைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு, சுண்டுவிரல் நகத்தில் நாலைந்தை வைத்துவிடலாம். அதைக் கழற்றியதும் டிரைவ் சட்டென்று சாய்வாக எழும்பி நிற்கும், அந்தத் திடுக்கிடலில்தான் திருகு கை நழுவும். ஒரு காகிதத்தில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் 'அக்கா' என்று எழுதிவையுங்கள். நான் அன்று தேடாமல் விட்டது போன வாரம்தான் அண்ணன் கையில் கிடைத்தது, பெட்டியின் மூலையில் தூசிக்குள்.